உலகின் முதல் உணவகம்: பாரிஸா, கைஃபெங்கா? (சீன விருந்து மேசை பற்றியும் ஒரு கேள்வி)

சோறுமுக்கியம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அலுவலக வினாடி வினாவில் "உலகின் முதல் உணவகம் எது?" என்று ஒரு கேள்வி. அவர்கள் வைத்திருந்த விடை, 1765, பாரிஸ், பூலான்ஷே என்ற சூப் வியாபாரி. எங்கள் அணியில் ஒருவர், "அதற்கு அறுநூறு வருஷம் முன்பே சீனாவில் மெனு, சர்வர், தனி அறை எல்லாம் வந்தாச்சு" என்று மல்லுக்கு நின்றார். நடுவர் மசியவில்லை. மதிப்பெண் போனதுதான் மிச்சம்.

யார் பக்கம் நியாயம்? அப்புறம் இன்னொரு விஷயம். அடுத்த மாதம் வேலையாக ஷாங்காய் போகிறோம். அங்கே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுழலும் வட்ட மேசை, குச்சி பிடிப்பது, யார் எங்கே உட்காருவது எல்லாம் "ஐயாயிரம் வருஷ மரபு" என்று ஒரு வீடியோவில் அடித்து விடுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை?

ஓலைக்கட்டு:
பூலான்ஷேயை முதலில் அனுப்பி வைத்துவிடலாம். அவர் ஆட்டுக்கால் சமைத்து விற்றார், சமையல்காரர் சங்கம் வழக்குப் போட்டது, அவர் ஜெயித்தார், உணவகம் பிறந்தது. இதை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார்கள். ரெபெக்கா ஸ்பாங் என்ற வரலாற்றாசிரியர் பாரிஸ் ஆவணங்களைக் கிளறிப் பார்த்துவிட்டு, இந்த வழக்குக்கு ஆதாரம் இல்லை என்று 2000இல் எழுதினார். அவர் காட்டும் ஆள் வேறு. பெயர் மாத்துரின் ரோஸ் த ஷாந்துவாஸோ. 1766 வாக்கில் உடம்பு தளர்ந்தவர்களுக்கான இறைச்சிச் சாறு விற்கக் கடை திறந்தவர். ஊரிலுள்ள வணிகர்களுக்கு ஒரு முகவரிப் புத்தகம் போட்டு, அதில் தன் கடையையும் நுழைத்துக்கொண்ட கெட்டிக்காரர்.

அதுவரை பாரிஸில் வெளியூர்க்காரன் சாப்பிட வேண்டுமென்றால் விடுதியின் பொதுமேசைதான். மணி அடித்ததும் போய் உட்கார வேண்டும், வைத்ததைச் சாப்பிட வேண்டும். பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் பிழைத்தான். அதை உடைத்து, தனி மேசை, விலை போட்ட பட்டியல், நினைத்த நேரம் என்று மாற்றியது அந்த நூற்றாண்டின் பிற்பாதி. அது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் "ஐரோப்பாவில்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் "முதல்" என்று சொன்னால் உங்கள் அணிக்காரர் சண்டை போட்டதில் தப்பில்லை.

தெருமுனை:
இரண்டு பேருக்கும் பரிசு கிடையாது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் மூடிய ரோமானிய ஊரான பாம்பெயில் சூடான உணவு விற்ற கடைகள் மட்டும் 150 வாக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்மேடையில் வட்டமாகக் குழி, அதற்குள் பதித்த ஜாடி. 2020இல் வெளியே எடுத்த கடையின் முகப்பில் வாத்தும் சேவலும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ரோமானியன் ஜெயித்தான், இழையை மூடுங்கள்.

ஓலைக்கட்டு:
தெருமுனை, அவசரப்பட வேண்டாம். சமைத்ததைக் காசுக்கு விற்பது எல்லாப் பழைய நகரத்திலும் உண்டு. சீனாவிலேயே, கடையில் வாங்கின மதுவையும் உப்புக்கண்டத்தையும் கன்ஃபூசியஸ் தொடமாட்டார் என்று அவர் சீடர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அப்போதே கடை இருந்தது. கி.மு. 81இல் ஹான் வம்ச அரசவையில் உப்பு, இரும்பு ஏகபோகம் பற்றி ஒரு பெரிய வாதம் நடந்தது. அதில் பழமைவாதிகள் வைத்த குறைகளில் ஒன்று, "முன்னெல்லாம் சமைத்த உணவைச் சந்தையில் விற்கமாட்டார்கள், இப்போது தெரு நெடுக அதுதான்" என்பது. எந்தக் காலத்திலும் பெரிசுகள் இப்படித்தான் போலிருக்கிறது.

நம் கேள்வி வேறு. முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வந்து உட்காருகிறான். பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து சொல்கிறான். அவன் சொன்னபடி, அவனுக்கென்று சமைத்து, மேசைக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்த முழு ஏற்பாடும் முதலில் எங்கே கண்ணில் படுகிறது? அதற்குச் சீனாவின் கைஃபெங் போக வேண்டும்.

வடக்குவாசல்:
கைஃபெங் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எனக்குப் பிடித்த ஊர்.

வட சோங் வம்சத்தின் தலைநகர். மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொட்ட நகரம். 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் இனத்தாரின் படைகள் அதைப் பிடித்தன. அங்கே இளமையில் வாழ்ந்து, பிறகு தெற்கே ஓடிவந்த மெங் யுவான்லாவ் என்பவர் ஊரின் நினைவுகளை எழுதிவைத்து 1147இல் அதற்கு முன்னுரை போட்டார். அரசர் புகழ் பாடும் வழக்கமான எழுத்து அல்ல அது. எந்தத் தெருவில் எந்தக் கடை, எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று ஒரு சாப்பாட்டுப் பிரியர் எழுதியது.

சர்வர் வேலையை அவர் காட்டும் இடம் ஒன்று போதும். வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். ஒருவருக்குச் சூடாக, ஒருவருக்கு வெதுவெதுப்பாக, இன்னொருவருக்கு நன்றாகக் குளிர்ந்து. மேலே போடும் கறி ஒருவருக்குக் கொழுப்பில்லாமல் வேண்டும், அடுத்தவருக்குக் கொழுப்போடு வேண்டும். சர்வர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. சமையல்கட்டு வாசலில் வரிசையில் நின்று, முதலில் இருந்து கடைசிவரை பாட்டுப் போலப் பாடிச் சொல்வான். கொஞ்ச நேரத்தில் இடக்கையில் மூன்று கிண்ணம், வலக்கையில் உள்ளங்கை தொடங்கித் தோள்வரை அடுக்கிய இருபது கிண்ணம் என்று வருவான். யார் கேட்டது யாருக்கோ அது சரியாகப் போய்ச் சேரும். தவறினால் வாடிக்கையாளர் முதலாளியிடம் சொல்லிவிடுவார். திட்டு விழும், கூலியில் பிடிப்பார்கள், மோசமானால் வேலையே போகும்.

இதற்குப் பெயர் உணவகம் இல்லை என்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

ஊரில் அனுமதி பெற்ற பெரிய மதுவிருந்துக் கடைகள் 72. மற்றவை எண்ணி மாளாது என்கிறார். பெரியவற்றில் பெயர்போனது ஃபான்லோ. மூன்று மாடி வைத்த ஐந்து கட்டடங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொங்குபாலம் போல நடைபாதை, முத்துத் திரை, இரவெல்லாம் விளக்கு. புதுப்பித்துத் திறந்தபோது முதல் சில நாட்கள் முந்தி வந்தவர்களுக்குத் தங்கநிறக் கொடி பரிசு. திறப்பு விழாச் சலுகைக்கு வயது தொள்ளாயிரம்! பிற்பாடு அதன் மேற்குக் கட்டடத்தில் ஆட்கள் ஏறத் தடை விதித்தார்கள். மாடியில் நின்றால் அரண்மனைக்குள் தெரிந்தது என்பதுதான் காரணம்.

கடைக்குள் நடமாடும் கூட்டமும் சுவாரசியம். இடுப்பில் நீலப்பூப் போட்ட துணி கட்டிய பெண்கள் மேசை மேசையாக வந்து மது ஊற்றிச் சில்லறை வாங்கிப் போவார்கள். இன்னொரு வகை ஆட்கள், நீங்கள் கேட்கிறீர்களோ இல்லையோ, பழத்தையும் முள்ளங்கியையும் மேசையில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து காசு கேட்பார்கள்.

மிளகாய்ப்பொடி:
கேட்காமலே மேசையில் வைத்துவிட்டு பில்லில் சேர்ப்பது அங்கே இருந்துதான் கிளம்பியதா. நல்லது.

சந்தேகராமன்:
படிக்க நன்றாக இருக்கிறது வடக்குவாசல். ஆனால் ஊரை இழந்து இருபது வருஷம் கழித்து ஒரு மனிதர் எழுதுகிறார். இழந்த ஊரில் மழைகூட இனிப்பாகத்தான் பெய்திருக்கும். இருபது கிண்ணம், 72 கடை இதெல்லாம் ஏக்கம் ஊதிப் பெருக்கியதாக ஏன் இருக்கக்கூடாது? அவரைத் தவிர வேறு சாட்சி உண்டா?

வடக்குவாசல்:
நியாயமான கேள்வி. ஏக்கம் இருக்கிறது, அவரே முன்னுரையில் கனவு கண்டு எழுந்தது போலத்தான் பேசுகிறார். கிண்ணத்தின் எண்ணிக்கைக்கு நான் ஜாமீன் தரமுடியாது.

ஆனால் வரிக் கணக்குக்கு ஏக்கம் கிடையாது. சோங் அரசு மது நொதிக்க வைக்கும் கட்டியைத் தன் கையில் வைத்திருந்தது. தலைநகரில் பெரிய கடைகள் அந்தக் கட்டியை அரசிடம் வாங்கித் தாங்களே மது வடிக்கலாம். சின்னக் கடைகள் பெரிய கடையிடம்தான் மதுவை வாங்க வேண்டும். 1027இல் ஃபான்லோவை நடத்த ஆள் கிடைக்காமல் போனது. அப்போது ஓர் அரசாணை: யார் அதை எடுத்து நடத்தி ஆண்டுக்கு 50,000 ஜின் (சீன எடை அளவு) நொதிக்கட்டி வாங்க ஒப்புக்கொள்கிறாரோ, அவருக்கு 3,000 சின்னக் கடைகளை வாடிக்கையாக ஒதுக்கித் தருகிறோம் என்றது. இன்றைய எடையில் ஏறக்குறைய 30 டன் கட்டி. இது மெங் எழுதுவதற்கு நூற்றிருபது வருஷம் முந்தைய அரசுப் பதிவு.

படச் சாட்சியும் இருக்கிறது. சோங் கால ஓவியர் ஜாங் ஸெதுவான் வரைந்த ஆற்றங்கரைச் சுருள் ஓவியம், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. கடை வாசலில் மூங்கிலும் வண்ணத்துணியும் வைத்துக் கட்டிய உயரமான அலங்கார வளைவு, விளம்பரப் பலகை, மாடியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள், கையில் கிண்ணத்தோடு தெருவில் நடக்கும் கடைப்பையன், எல்லாம் அதில் பார்க்கலாம்.

மிளகாய்ப்பொடி:
சரக்கு அரசாங்கத்துடையது, கடை ஏலத்தில் போகிறது, பக்கத்திலேயே சாப்பாடு. ஆக சோங் காலத்து டாஸ்மாக் பார் என்று சொல்லுங்கள், ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும்.

ஓலைக்கட்டு:
சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. உணவகத்தை எந்த மேதையும் ஒருநாள் காலையில் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டியிருந்தது என்று எனக்குப் படுகிறது: கையில் காசுள்ள வெளியூர்க்காரர்கள், திறந்திருக்கும் இரவு, கடை பெருகினால் லாபம் பார்க்கும் அரசு.

இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய தாங் வம்சத்தின் சாங்ஆன் இன்னும் பிரம்மாண்டமான நகரம். ஆனால் அது 108 மதில்சூழ் பேட்டைகளாக வெட்டப்பட்ட ஊர். சந்தை நண்பகலில் 300 முரசடியோடு திறக்கும், பொழுது சாய்வதற்குள் மூடும். முரசு முடிந்த பிறகு பெருந்தெருவில் நடமாடினால் இருபது பிரம்படி. இத்தனைக்கும் சமைக்கும் திறமைக்கு அங்கே குறைவில்லை. முந்நூறு, ஐந்நூறு பேருக்கான விருந்தைச் சந்தையில் சொன்ன கையோடு தயார் செய்துவிடுவார்கள் என்று அந்தக் காலக் குறிப்பே இருக்கிறது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு நண்பனோடு போய் உட்கார ஓர் இடம் வளர அந்த ஊரில் வழியில்லை.

சோங் வம்சத்தின் முதல் அரசர் 965இல், மூன்றாம் சாமம்வரை தலைநகர இரவுச் சந்தையைத் தடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். பேட்டை மதில்கள் அப்புறம் மெல்ல மெல்லப் பொருளிழந்தன. கைஃபெங்கின் மாஷிங் தெருவில் விடிய விடிய எரிந்த விளக்குகளின் எண்ணெய்ப் புகைக்குக் கொசுவே வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதையும் ஊதிப் பெருக்கியது என்று சந்தேகராமன் சொல்லலாம், சொல்லட்டும்.

வெளியூர்க்காரர் விஷயம் இன்னும் தெளிவு. தெற்கிலிருந்து தேர்வு எழுதவும் பதவிக்கும் வந்த படித்தவர்களுக்கு வடக்கத்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காகத்தான் கைஃபெங்கில் தென்னாட்டுச் சாப்பாட்டுக் கடையும் சிச்சுவான் கடையும் திறந்தார்கள் என்று பின்னால் வந்த ஒரு நூல் நேரடியாகவே காரணம் சொல்கிறது. பாரிஸுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். புரட்சிக்குப் பின் மாகாணங்களிலிருந்து வந்து குவிந்த பிரதிநிதிகள் எங்கேயாவது சாப்பிட வேண்டியிருந்ததல்லவா.

கடலோடி:
வெளியூர்க்காரர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கைஃபெங்கிற்கு நம் ஆட்களும் போயிருக்கிறார்கள். ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சோங் அரசவையை அடைந்தது, 52 பேர். போய்ச் சேரும்போது அவர் உயிரோடு இல்லை. 1033இல் இன்னொரு குழு. 1077இல் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர். கொண்டுபோன பொருளுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசு கிடைத்தது என்று சீனப் பதிவு. ஆளுக்கு ஒரு கடை என்று போயிருந்தால் அந்த 72 பெரிய கடையையும் ஒரே ராத்திரியில் பார்த்திருக்கலாம்!

சந்தேகராமன்:
கடலோடி, தூதர்களை அரசு விடுதியில் வைத்து அரசுச் சோறு போட்டிருப்பார்கள். கடைக்குத் தனியாக விட்டிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

1077, 72 பேர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வேறு ஒரு சந்தேகம். கைஃபெங்கில் 1153 முதல் நடக்கிறது என்று ஒரு கோழிக்கடை பலகை போட்டிருக்கிறதாமே? அதுதான் உலகின் பழைய உணவகம் என்று இணையம் முழுக்க ஓடுகிறது.

வடக்குவாசல்:
மா யூச்சிங் வாளிக்கோழி. அந்தப் பெயர் வழிவழியாக வருவது, ஆண்டு அவர்கள் சொல்வது. 1153இல் கைஃபெங் சோங் கையிலேயே இல்லை, ஜுர்சென்களின் ஜின் ஆட்சி. ஒரே இடத்தில் விடாமல் நடப்பது என்ற கணக்கில் கின்னஸ் தேர்ந்தது ஸ்பெயினின் மத்ரிதில் 1725இல் தொடங்கிய போத்தீன் கடையை. "பழைய உணவகம்" என்பதும் "உணவகம் என்ற வழக்கம் தொடங்கிய இடம்" என்பதும் வேறு வேறு பந்தயம். முதலாவதில் எனக்கு ஆர்வமில்லை.

ஹாங்சோவைச் சொல்லாமல் விட மனமில்லை. கைஃபெங் விழுந்ததும் அரசவை தெற்கே போய் 1138இல் ஹாங்சோவில் நிலைத்தது. பின்னாலேயே சமையல்காரர்களும் போனார்கள். 1179இல், பட்டம் துறந்த அரசர் காவ்சோங் மேற்கு ஏரியில் படகில் போகிறார். கரையில் மீன் சூப் விற்கும் வயதான அம்மா, ஊரார் சோங் ஐந்தாம் அண்ணி என்று கூப்பிடுவார்கள். "நான் பழைய தலைநகர்க்காரி, உங்கள் பின்னாலேயே வந்தவள்" என்கிறார். அரசர் அழைத்துச் சாப்பிட்டுப் பார்க்கிறார். பத்துப் பொற்காசு, நூறு வெள்ளிக்காசு, பத்துப் பட்டுச்சுருள் கொடுக்கிறார். அடுத்த நாளிலிருந்து பணக்காரர்கள் அந்தக் கடை வாசலில். சமையல் விமர்சகர் என்றால் அரசரைவிடப் பெரிய ஆள் யார்? அந்தச் சூப் இன்றைக்கும் ஹாங்சோ மெனுவில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

அந்த ஊரில் வெளியூர்க்காரனைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. உட்கார்ந்ததும் சில தட்டுகளை மேசையில் வைப்பார்கள். அது பார்த்துத் தேர்வதற்கு. எவ்வளவு மது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதை எடுத்துவிட்டு நல்ல பதார்த்தம் கொண்டுவருவார்கள். விஷயம் தெரியாத வெளியூர்க் கனவான் குச்சியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கிவிடுவார். கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

வீட்டு விருந்தா? அதற்கும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. "நான்கு துறை, ஆறு பிரிவு" என்று பெயர். பந்தல், திரை போட ஒரு துறை, சமையலுக்கு ஒன்று, தேநீருக்கும் மதுவுக்கும் ஒன்று, பரிமாற ஒன்று. பழத்துக்கு, தேனில் ஊறியதற்கு, காய்கறிக்கு, விளக்குக்கும் அதன் எண்ணெய்க்கும், வாசனைப் பொருளுக்குத் தனித்தனிப் பிரிவு. கடைசிப் பிரிவின் வேலை, இடத்தை அலங்கரித்து ஒழுங்காக வைத்திருப்பது. வீட்டுக்காரர் பணம் மட்டும் கட்டினால் போதும்.

சோறுமுக்கியம்:
அடேங்கப்பா. நடுவருக்கு இந்தச் சுட்டியை அனுப்பிவிட்டேன். மதிப்பெண் திரும்பி வராது, பரவாயில்லை.

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே? வட்ட மேசை, நடுவில் பொதுத் தட்டு, எல்லாரும் குச்சி விட்டு எடுப்பது. இது சோங் காலத்திலும் அப்படியேதானா?

ஓலைக்கட்டு:
இல்லை. இங்கேதான் அந்த வீடியோக்காரர் சறுக்கியிருக்கிறார். பழைய சீனாவில் தரையில் பாய் விரித்து, ஆளுக்கொரு தாழ்வான சிறு மேசை அல்லது கால் வைத்த தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். அவரவர் பங்கு அவரவர் முன்னால். கி.மு. 206இல் இரண்டு போட்டித் தலைவர்கள் சந்தித்த ஹோங்மென் விருந்தில் யார் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. விருந்து கொடுத்த சியாங் யூ கிழக்குப் பார்த்து, அதுதான் உயர்ந்த இடம். அவருடைய ஆலோசகர் தெற்குப் பார்த்து. விருந்தாளியாக வந்த லியு பாங் வடக்குப் பார்த்து. அவமதிப்பை இருக்கையிலேயே பரிமாறியாயிற்று. பிற்பாடு சக்கரவர்த்தி ஆனவர் அந்த லியு பாங்தான்.

இன்னொரு சான்று எனக்குப் பிடித்தது. பிற்கால ஹான் காலத்து மெங் குவாங் என்ற பெண், கணவர் லியாங் ஹோங்குக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது தட்டைப் புருவ உயரத்துக்குத் தூக்கி நீட்டுவாராம். மரியாதைக்கு இன்றும் அதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள். ஊரே சுற்றி உட்காரும் மேசை என்றால் எப்படித் தூக்குவது? ஒருவருக்கான சின்னத் தட்டு என்பதால்தான் அந்தக் கதை நிற்கிறது.

மாற்றியது நாற்காலி. மடக்கு முக்காலி ஹான் காலக் கடைசியில் வடமேற்கிலிருந்து வந்தது. அங்கிருந்து உயரமான நாற்காலி வீட்டுக்கு வீடு பரவ எண்ணூறு வருஷம் போல ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டின் ஹான் ஷிட்சாய் இரவு விருந்து ஓவியத்தில் பாதி வழியைப் பார்க்கலாம். நாற்காலியும் உயர மேசையும் வந்துவிட்டன, ஆனால் தட்டுகள் ஆளாளுக்குத் தனி வரிசை. நாற்காலி வந்தால் மேசை உயரும், மேசை உயர்ந்தால் அகலும், அகன்ற மேசையைச் சுற்றிப் பலர் உட்காரலாம், நடுவில் வைத்ததை எல்லாரும் எட்டலாம். சோங் காலத்தில் இந்தப் பழக்கம் வேரூன்றியது. உணவகங்களும் அதே காலத்தில் பெருகின என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நிறுவ முடியுமா என்று கேட்டால் முடியாது.

கடலோடி:
குச்சி மட்டுமாவது பழசா? அதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஓலைக்கட்டு:
குச்சி பழசு. ஆனால் சோற்றுக்கு இல்லை. சீனர்களின் பழைய சடங்கு நூலில் சாப்பாட்டு ஒழுங்கு பற்றி ஒரு பகுதி உண்டு, நம் வீட்டுப் பாட்டி திட்டுவது போலவே இருக்கும். சத்தம் போட்டு மெல்லாதே, எலும்பைக் கடிக்காதே, நாய்க்கு எலும்பை எறியாதே, கடித்த மீனைத் திரும்ப வைக்காதே. அதில் இரண்டு வரி முக்கியம். பொதுவில் சாப்பிடும்போது கையைத் தேய்க்காதே, சோற்றை உருண்டை பிடிக்காதே. பழைய உரைகாரர்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்: அப்போது சோற்றைக் கையால்தான் எடுத்தார்கள். அதே நூல், தினைச்சோற்றுக்குக் குச்சியைப் பயன்படுத்தாதே என்றும் சொல்கிறது. குச்சி இருந்தது, சூப்பில் கிடக்கும் காயை எடுக்க.

கையிலிருந்து கரண்டி, கரண்டியிலிருந்து குச்சி. மெங் யுவான்லாவ் கைஃபெங் கடைகளைப் பற்றிப் பேசும்போது, "முன்பு கரண்டி மட்டும்தான், இப்போது எல்லாரும் குச்சி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வாழ்நாளிலேயே நடந்த மாற்றம்.

பினாங்கு மணி:
தாமதமாக வருகிறேன். சுழலும் தட்டுக்கு என்னை விட்டால் யார்? அது எங்கள் ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது.

டாக்டர் வூ லியென் தே, 1879இல் பினாங்கில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் அறுபதாயிரம் பேரைக் கொன்றபோது அதை அடக்கப் போனவர். துணி முகக்கவசத்தைப் பரப்பியதும் அவர்தான். ஒரே தட்டில் பத்துக் குச்சி போய் வருவது காசநோயை வீட்டுக்குள் கொண்டுவரும் என்பது அவர் கவலை. தனித்தனித் தட்டு என்றால் சீனர்கள் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். அதனால் 1910களின் நடுவில் ஒரு யோசனை வைத்தார்: நடுவில் சுழலும் தட்டு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பொதுக் கரண்டி. அந்தக் கரண்டி வாயைத் தொடக் கூடாது.

சீனாவில் உடனே பரவவில்லை. 1950களில் சான்பிரான்சிஸ்கோ சீன உணவகங்களில்தான் அது பிடித்துக்கொண்டது. பிறகு ஹாங்காங், எங்கள் பக்கம், எல்லா இடமும். 1972இல் நிக்சன் பெய்ஜிங்கில் உட்கார்ந்த மேசையில் அது சுற்றியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐயாயிரம் வருஷம் எங்கே, இது எங்கே.

இங்கே சீன நண்பர்கள் கல்யாண விருந்து என்றால் மேசைக்குப் பத்துப் பேர், ஒவ்வொன்றாகப் பதார்த்தம் வரும், கடைசியில்தான் சோறோ நூடுல்ஸோ. முதல் தடவை போகிற நம் ஆட்கள் "சோறு எங்கே" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சோறுமுக்கியம், உங்கள் பெயரைப் பார்த்ததுமே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சோறுமுக்கியம்:
மணி அண்ணே, அதைச் சொன்னதற்குக் கோடி நன்றி. அங்கே போய் என்னென்ன செய்யக் கூடாது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். எங்களோடு வரும் ஒருவர் சுத்த சைவம் வேறு.

பினாங்கு மணி:
கதவைப் பார்த்த இருக்கையில் நீங்களாகப் போய் உட்காராதீர்கள். அது முக்கியமானவருக்கு. காட்டிய இடத்தில் உட்காருங்கள். கோப்பையை இடிக்கும்போது பெரியவர் கோப்பையைவிட உங்கள் கோப்பையின் விளிம்பு கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். தட்டு சுழலும்போது அடுத்தவர் எடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சுழற்றுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. செத்தவர்களுக்குப் படைக்கும் ஊதுபத்தி போலிருக்கும். கடலோரக்காரர்கள் இருந்தால் மீனைப் புரட்டிப் போடாதீர்கள், படகு கவிழும் என்பார்கள். ஷாங்காயில் இளசுகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனாலும் முதலாளி வயதானவராக இருந்தால்?

பில்லுக்குச் சண்டை நடக்கும். அழைத்தவர்தான் கொடுப்பார், நீங்கள் ஒரு தடவை பர்ஸைத் தொட்டாலே மரியாதை முடிந்தது. மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிப் போவதில் இப்போது கூச்சம் இல்லை. 2021இல் உணவு வீணாவதற்கு எதிராகச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதிகமாக வாங்கச் சொல்லித் தூண்டும் கடைக்கு 10,000 யுவான்வரை அபராதம்.

வடக்குவாசல்:
சைவ நண்பருக்கு நான் சொல்கிறேன். கோயிலில் போடும் விரதச் சாப்பாடு போலவே சைவம் தரும் கடைகள் கைஃபெங்கிலேயே இருந்தன என்று மெங் எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஷாங்காயில் 1922இல் தொடங்கிய குங்தலின் இருக்கிறது. பௌத்த சைவம், பல இடங்களில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். மெனுவில் வாத்து, இறால் என்று படம் இருந்தால் பதற வேண்டாம். கோதுமைப் புரதமும் சோயாத் தோலும்தான் அந்த உருவத்தில் வரும். ஆனால் சாதாரணக் கடையில் கீரைப் பொரியல்தானே என்று நம்பி வாங்காதீர்கள். பன்றிக்கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு, கோழிச்சாறு ஊற்றுவதும் உண்டு. "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றை விட்டுவிடுவார்கள். கொழுப்பு, சாறு, முட்டை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சீனத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, விருந்து கொடுப்பவரிடம் இரண்டு நாள் முன்பே சேர்த்துவிடுங்கள்.